பதிலி இல்லாமல் படிக்கவும்

செவ்வாய்க் கிரகத்தின் குமிழ் நகரில் நடந்த அந்தக் கல்யாணத்துக்கு ஊரே திரண்டு வந்திருந்தது. ஆனால் தாலி கட்டியதை ஒருவரும் பார்க்கவில்லை, மாப்பிள்ளை உட்பட. அவரவர் பதிலி பார்த்துக்கொண்டது.

பதிலி என்பது காதுக்குப் பின்னால் பதித்த சிறு சில்லு. தட்டிவிட்டால் போதும். உங்கள் முகத்தை அதுவே சிரிக்க வைக்கும், சரியான இடத்தில் தலையாட்டும், உங்கள் குரலிலேயே பதில் சொல்லும். நீங்கள் உள்ளே நிம்மதியாக வேறு எதையாவது யோசிக்கலாம். எல்லாம் முடிந்ததும் சுருக்கமாகச் சொல்லிவிடும்.

எழுத்தாளர் வைஜயந்திக்கு இதில் தீராத வயிற்றெரிச்சல். அவருடைய நாவல்களையும் பதிலிகள்தான் படித்தன. அந்தக் கல்யாணத்தில் தன் பதிலியைச் சிரிக்க விட்டுவிட்டு யோசித்தபோதுதான் அவர் முடிவெடுத்தார். ஒரே ஒருவராவது தன் நாவலைச் சொந்தக் கண்ணால் படித்தாக வேண்டும். புது நாவலில் ஒரு பூட்டு வைத்தார். பதிலி ஓடினால் எழுத்து மறைந்துவிடும்.

ஒரு பிரதிகூட விற்காது என்று பதிப்பாளர் எச்சரித்தார்.

"விக்காட்டி போகுது. நெஜமா படிக்கிற ஒருத்தர் போதும் எனக்கு."

விற்கவில்லை. நண்பர்கள் கெஞ்சினார்கள், பிறகு கேலி செய்தார்கள். வைஜயந்தி பூட்டை எடுக்க மறுத்துவிட்டார்.

பல மாதங்கள் கழித்து ஒரு பெண் வீடு தேடி வந்தார். பெயர் நாகலட்சுமி, பல் மருத்துவர். நாவலை முழுவதும் தானே படித்திருந்தார், அதுவும் இரண்டு முறை. வாழ்நாளில் இப்படி ஒரு சந்தோஷம் வைஜயந்திக்கு வாய்த்ததில்லை.

நாகலட்சுமி மெதுவாக ஆரம்பித்தார். "எங்க வீட்டுக்காரர் இறக்குறதுக்கு முன்னாடி கடைசியா பேசினப்போ நான் பதிலியை ஓட விட்டிருந்தேன் மேடம். இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்க கதையைப் படிச்சப்புறம்தான் சொல்லணும்னு தோணுச்சு."

வைஜயந்திக்கு உடம்பு சிலிர்த்தது. என்ன ஒரு காட்சி. அடுத்த நாவலை இங்கேதான் தொடங்க வேண்டும். முதல் வாக்கியம் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. இப்போது விட்டால் நழுவிவிடும். கை தானாகக் காதுக்குப் பின்னால் போனது.

வாக்கியம் அருமையாக அமைந்து அவர் நிமிர்ந்தபோது எதிர் நாற்காலி காலியாக இருந்தது. என்ன நடந்தது என்று பதிலியிடம் கேட்டார்.

"வாசகி நெடுநேரம் அழுதுகொண்டே பேசினார். நாவல் பிடித்திருக்கிறதாம். நடுவில், 'நீங்களேதானே கேட்டுட்டிருக்கீங்க?' என்று கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"ஆமாம் என்றேன். கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்."