கீழிமையில் முப்பது முடி

உதிர்ந்திருக்க வேண்டும். பதினாறு நாள் ஆகிவிட்டது. அழகுக்காகக் கீழிமையில் ஒட்டுகிற செயற்கை முடி மேலிமையில் ஒட்டியதைப் போல நின்று பிடிக்காது. கண்ணீர், வியர்வை, முகம் கழுவும் தண்ணீர் எல்லாம் அங்கேதான் வந்து சேரும், இரண்டு வாரத்தில் பாதி போய்விடும். ஆனால் பார்லர் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்த அக்காவின் கண்களுக்குக் கீழே ஒன்றுகூடக் குறையவில்லை. ஒட்டிய அன்றைக்கு இருந்ததைவிட அடர்த்தியாக, கறுகறுவென்று நின்றன.

ஒட்டிவிட்ட தங்கை சின்னவள் வளைய விளக்கைக் கிட்டே இழுத்து, ட்வீசர் இடுக்கியின் நுனியால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினாள். ஒரு கண்ணுக்கு முப்பது ஒட்டியிருந்தாள். வலது கண்ணில் நாற்பத்து நான்கு இருந்தது.

சுரீரென்று கோபம் வந்தது அவளுக்கு.

“வேற பார்லருக்குப் போனியா?”

“ஓசியில பண்ணிவிட நீ இருக்கும்போது நான் எதுக்குடி வேற எங்கயும் போறேன்?”

“பொய் சொல்லாதே. பதினாலு கூடுதலா இருக்கு.”

“மறுபடி எண்ணு. கணக்குல கோட்டை விட்டுட்டுப் பத்தாவதோட நின்னவதானே நீ.”

இதுதான் அக்கா. கண்ணை இவள் கையில் கொடுத்துவிட்டுப் படுத்திருக்கும்போதுகூட வாய் அடங்காது. பதினாறு நாளைக்கு முன்பும் இப்படித்தான். மூன்று வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். “எங்க சின்னதுக்கு வேற எந்த வேலையும் வராது, அதான் அடுத்தவங்க கண்ணுல முடி ஒட்டிப் பொழைக்குது” என்று அவர்கள் எதிரிலேயே சொன்னாள். அவர்கள் சிரித்தார்கள். சொன்ன கையோடு கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டு, தன் புதுத் தையல் கடை திறப்புக்குப் படம் எடுக்கப்போகிறார்கள், கீழிமைக்கும் சேர்த்து நன்றாக ஒட்டிவிடு என்றாள். வெட்கமே கிடையாது.

சின்னவளும் சிரித்துக்கொண்டேதான் ஒட்டினாள். இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித்தருவதே இதுதான்: ஒரு சொந்த முடிக்கு ஒரு ஒட்டுமுடி. பக்கத்து முடியை ட்வீசரால் விலக்கிவிட்டுத்தான் பசை வைக்க வேண்டும். இரண்டு சொந்த முடி சேர்ந்து ஒட்டிக்கொண்டால், ஒன்று வேகமாக வளரும், ஒன்று மெதுவாக வளரும், ஒன்றையொன்று வேரோடு இழுத்துக்கொண்டே இருக்கும். தெரியாமல் செய்துவிட்டால் ஆளைக் கூப்பிட்டுக் கழற்றிவிட வேண்டும். சின்னவள் தெரிந்தேதான் செய்தாள். வேண்டுமென்றே, இரண்டிரண்டாக, மூன்று மூன்றாகச் சேர்த்து ஒட்டினாள். நல்லா இழுக்கட்டும். தூக்கம் வராமல் துடிக்கட்டும்.

“பதினாறு நாளா இழுக்குதுடி. ஊசியில நூல் கோர்க்கக் குனிஞ்சா கண்ணே கழண்டு கீழ விழற மாதிரி இருக்கு. இந்தக் கண்ணு போச்சுன்னா நானும் என் மிஷினும் தெருவுலதான்.”

தான் செய்தது சின்னவளுக்கு உறுத்தியது. அதை மறைக்க இன்னும் சத்தம் போட்டாள். “இமை கழுவ நுரை குடுத்தேனே, தினமும் கழுவினியா? காலையில பிரஷ்ஷால சீவிவிட்டியா? கசக்காதே, எண்ணெய் படவிடாதேன்னு தலைதலையா அடிச்சிக்கிட்டேனே!”

“எல்லாம் நீ சொன்னபடிதான் செஞ்சேன்” என்றாள் அக்கா, மெதுவாக.

அக்கா மெதுவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. நாற்பத்து நான்கு முடியைவிட அதுதான் அவளை உலுக்கியது.

மதியச் சாப்பாட்டு நேரம் என்று ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாள். ஏசியிலிருந்து ஒழுகும் தண்ணீர் மூலையில் வைத்த வாளியில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. பசையின் காட்டமான வாடையும் அக்கா மேலிருந்து வரும் மிஷின் எண்ணெய் வாடையும் கலந்து மூக்கை அரிக்க, விளக்கின் வெள்ளை வளையம் அந்த இரண்டு கருவிழிகளிலும் தனித்தனியாக மின்ன, அவள் குனிந்து பார்த்தாள். ஒட்டிய முடியின் அடியில் கடுகுக்கும் சின்னதாகப் பசை உருண்டிருக்கும். எத்தனை தேர்ந்த கையானாலும் கொஞ்சமாவது இருக்கும். இவற்றில் இல்லை. சொந்த முடியையும் காணோம். எல்லாம் தோலிலிருந்தே முளைத்திருந்தன.

பசை நீக்கும் ஜெல்லைத் தடவி இரண்டு நிமிடம் விட்டாள். வழக்கமாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அசையவில்லை. ஐந்து நிமிடம் விட்டாள். அசையவில்லை.

“ஒன்னே ஒன்னை இழுத்துப் பார்க்கிறேன். பொறுத்துக்கோ.”

ட்வீசரால் நடுவிலிருந்த ஒன்றைக் கவ்வி இழுத்தாள். வந்தது. வந்துகொண்டே இருந்தது. விரல்நீளம் வந்தது, சாண் வந்தது. துணி ஓரத்தில் பிரிந்த நூல் போல வந்தது.

“என்னத்தடி உருவறே? பல்லு வரைக்கும் இழுக்குது.”

அவள் கை நின்றது. முடி நிற்கவில்லை. தொய்ந்த நீளம் தானாக நெளிந்து ட்வீசரின் நுனியைச் சுற்றியது, இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டியது. பிறகு அவள் கட்டைவிரல். பிறகு ஆள்காட்டி விரல். இறுக்கிக்கொண்டது.

கையை உதறினாள். அக்கா வீறிட்டாள். கீழிமை கூடாரம் போல முன்னால் இழுபட்டுத் திரும்பியது.

“இழுக்காதேடி!”

“நான் இழுக்கலை!”

அக்கா கண்ணை இமைத்தாள். முடி ஒரு விரற்கடை உள்ளே போயிற்று. ட்வீசரும் அதனோடு போயிற்று. கூர்நுனி கருவிழியைப் பார்த்தபடி.

இடது கையால் தட்டிலிருந்த கத்தரியை எடுத்து வெட்டினாள். வெட்டுப்படவில்லை. மறுபடி வெட்டினாள். கத்தரியின் வாய்தான் பிளந்தது.

இன்னொரு இமைப்பு. இன்னும் ஒரு விரற்கடை.

“கண்ணை மூடாதேக்கா. தயவுசெஞ்சு மூடாதே.”

“மூடாம எவ்வளவு நேரம்டி இருப்பேன்?”

சின்னவளுக்கு அழுகை வெடித்தது. “அக்கா, அன்னைக்கு நான் வேணும்னேதான் சேர்த்துச் சேர்த்து ஒட்டினேன். நீ பேசின பேச்சுக்கு.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“நீ மூச்சு விட்டதுலயே தெரிஞ்சது. நீயே கூப்பிடுவேன்னு பார்த்தேன். பதினாறு நாள் பார்த்தேன்டி, பாவி.”

தன்மேல் வந்த ஆத்திரத்தில் பல் கிட்டியது. அக்காவின் கண்ணில் நீர் நிறைந்தது. இமை துடித்தது. மூடப்போகிறது.

கத்தரியைப் போட்டுவிட்டு இடது கட்டைவிரலை மேலிமையில் வைத்தாள். புருவ எலும்போடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள். நின்றது. முடி நின்றது. ட்வீசரும் நின்றது. நுனிக்கும் விழிக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி.

“பிடிச்சிட்டேன்க்கா. இனிமே மூடாது. நான் விடமாட்டேன்.”

வாளியில் தண்ணீர் சொட்டியது. அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு அவளையே பார்த்தாள். சின்னவளும் அந்தக் கண்ணையே பார்த்தாள். மேலிமை விரலுக்கு அடியில் அடங்கிக் கிடந்தது.

மீதி நாற்பத்து மூன்று முடிகளும் நிமிர்ந்தன.

கீழிமை மேலே ஏறத் தொடங்கியது. வெள்ளையைத் தாண்டியது. கருவிழியைத் தாண்டியது. அவள் கட்டைவிரலில் போய் முட்டி, மூடியது.

ட்வீசர் ஒரு விரற்கடை முன்னால் போயிற்று. கீழிமை திறந்தது. மறுபடி ஏறியது.