கிழியாத ஊதல்

புருஷனைப் புதைத்த மறுநாளே, அவனைக் கொன்றதாகப் போலீஸ் பிடித்து வைத்திருக்கும் ஆளைக் காப்பாற்றச் சொல்லி ஒரு பெண் வந்து நின்றால், தேவசிகாமணிக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும்? ஏற்காட்டில் வக்கீல் மீனாட்சியிடம் பதினாறு வருடமாகக் குமாஸ்தா அவர். மீனாட்சி வாய் திறக்கும் முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுவது அவர் வழக்கம். அது தப்பாகப் போவதும் வழக்கம்தான்.

"என் கொழுந்தனார் சித்தன் சுடலீங்க வக்கீலம்மா," என்றாள் மாரமங்கலத்து ஆராயி. "வெடிச்சத்தம் கேட்டு ஓடியிருக்காரு. அண்ணன மடியில போட்டுக்கிட்டு அழுதிருக்காரு. எஸ்டேட் ஆளுங்க அப்பிடியே கட்டி வெச்சு, விலா எலும்பு ஒடியற மட்டும் அடிச்சுப் போலீசுல குடுத்துட்டாங்க. ஊட்டுல இருந்த ரெண்டு ஆம்பளையும் போயிட்டா நாங்க என்னங்க பண்றது?"

"கையில துப்பாக்கி இருந்துச்சாமே?" என்றார் தேவசிகாமணி.

"காட்டுப்பன்னி வெரட்டற நாட்டுத் துப்பாக்கிங்க. அது எப்பவும் சித்தன் கையிலதான் இருக்கும்."

செத்துப்போன ஆறுமுகம், மானை வரவழைப்பதில் மலையிலேயே கெட்டிக்காரன். வெறும் வாயால் குட்டி மாதிரிக் கத்தினால் கடமான் தேடிக்கொண்டு வரும். வேட்டை குற்றம் என்று தெரிந்தும், எஸ்டேட் முதலாளி ஹரிஹரன் கூப்பிட்டால் போவான். ஹரிஹரனுக்கு அது போதவில்லை. எல்க் என்ற அமெரிக்க மானைக் கூப்பிடும் ஊதல்களைப் பார்சலில் வரவழைத்திருந்தார். நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் ஒட்டவைத்து ஊதும், பிறை வடிவச் சின்ன ரப்பர் அது.

"அந்த மான் சத்தம் வேற, நம்ம கடமான் சத்தம் வேறன்னு எங்கூட்டுக்காரரு சொன்னாருங்க," என்றாள் ஆராயி. "அதக் கேட்டா கடமான் கிட்ட வராது, காடு தாண்டி ஓடும்னாரு. அவரு வாயில போயி அது எப்பிடிங்க வந்துச்சு?"

போலீஸின் கணக்கே அந்த ஊதலில்தான் நின்றது. காலைப் பனிமூட்டத்தில் ஆறுமுகம் அதை ஊதினான், மான் என்று எண்ணித் தம்பி சுட்டுவிட்டான், பிணத்தின் வாயில் ஊதல் இருந்தது. சீல் பிரிக்காத பாக்கெட்டாக முந்தின நாள்தான் அதை ஆறுமுகத்துக்குக் கொடுத்ததாக ஹரிஹரன் வாக்குமூலம் தந்திருந்தார். வெடித்தபோது தான் பங்களாவில் காபி குடித்துக்கொண்டிருந்தாராம்.

"தம்பிதாம்மா. தெரியாம நடந்துபோச்சு," என்று தீர்ப்பளித்தார் தேவசிகாமணி.

மீனாட்சி பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் படித்து முடித்துவிட்டு அவரிடம் நீட்டினாள். ரவைகள் வலது புறங்கையைப் பிய்த்துக்கொண்டு வாய்க்குள் பாய்ந்திருந்தன. பல் வரிசை நொறுங்கி, நாக்கு கிழிந்து, மேலண்ணம் சிதைந்து, பின்கழுத்தில் ஓட்டை. ரவை சிதறாததால், பத்தடிக்குள் நின்று சுட்டது என்று டாக்டர் எழுதியிருந்தார்.

"பத்தடியில பனி மறைச்சாலும் அண்ணன் மூஞ்சி தெரியாதாண்ணா?" என்றாள் மீனாட்சி. "ஊதலோட போட்டோவையும் பாருங்க."

பிறையின் இடது ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு வளைவு வெட்டப்பட்டிருந்தது. மற்றபடி புத்தம் புதுசு மாதிரி இருந்தது. தேவசிகாமணிக்கு அதில் ஒன்றும் பிடிபடவில்லை. ஆனாலும் தலையாட்டி வைத்தார்.

"ஒண்ணு மட்டும் எனக்கும் புரியல," என்றாள் அவள். "துப்பாக்கியப் பிடிக்க ரெண்டு கையும் வேணும்னுதான் இந்த மாதிரி ஊதலையே வாங்குறாங்க. இதுக்குக் கை வேண்டாம். அப்ப அவர் கை ஏன் வாய்கிட்ட இருந்துச்சு?"

நாலு நாளில் அதே ரக ஊதல் ஒன்று பார்சலில் வந்து சேர்ந்தது. அன்று மாலை ஹரிஹரனின் பங்களாவில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆராயி நாற்காலியின் நுனியில் இருந்தாள். சப்-இன்ஸ்பெக்டர் முருகனின் மடியில் அரக்கு முத்திரை வைத்த உறை இருந்தது.

மீனாட்சி புது ஊதலை மேஜையில் வைத்தாள். "எங்க குமாஸ்தா அண்ணன் ரெண்டு நாளா ஊதிப் பாக்குறாருங்க. வெறும் காத்துதான் வருது. கோர்ட்ல இதப் பத்தி நான் பேசணும். கொஞ்சம் காட்டுங்களேன்."

தேவசிகாமணிக்கு மானம் போயிற்று. அவர் அதை வாயில் வைத்ததே இல்லை.

ஹரிஹரன் வாய்விட்டுச் சிரித்தார். இடது பக்கம் மேல்பல் ஒன்றில் தங்க மூடி மின்னியது. "அப்படியே வாங்கி அப்படியே போட்டா எப்படிம்மா வரும்? ஒவ்வொருத்தர் வாயும் ஒரு அளவு. நறுக்கணும். சந்து விழுந்தா காத்து ஓடிடும்." கத்தரிக்கோலை எடுத்தார். பழகிய கை, யோசிக்காமல் ஓடியது. வலது ஓரத்தைத் தொடவேயில்லை. இடது ஓரத்தில் மட்டும் ஒரு வளைவை வெட்டி வாயில் பொருத்தி ஊதினார். நீண்ட கீச்சுக்குரல் சுவர்களில் மோதியது. ஆராயி காதைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தத் தங்கப்பல் இடிக்காம இருக்கத்தானே அங்க வெட்டுனீங்க?" என்றாள் மீனாட்சி. "முருகன் சார், உறையைப் பிரிங்க."

பிணத்தின் வாயில் எடுத்த ஊதலும் இப்போது வெட்டியதும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. ஒரே இடம், ஒரே வளைவு.

"சீல் பிரிக்காமக் குடுத்ததா எழுதிக் கையெழுத்துப் போட்டீங்க. இது நீங்க உங்க வாய்க்கு வெட்டி வெச்சது. அதுகூடப் போகட்டும். ஆறுமுகத்தோட பல்லு, நாக்கு, மேலண்ணம் எல்லாம் சிதறிப்போச்சு. நடுவுல இருந்த இந்த மெல்லிசு ரப்பர் மட்டும் எப்படிங்க கிழியாம இருக்கு? சுட்ட பிறகு, அந்தச் சதைக்குள்ள விரலை விட்டு இத வெச்சிருக்கீங்க. பழி தம்பி மேல விழட்டும்னு."

ஹரிஹரனின் முகம் கறுத்தது. அடுத்த நொடி கத்தரிக்கோல் மீனாட்சியின் கழுத்துக்குப் பாய்ந்தது. எப்படி எழுந்தோம் என்று தேவசிகாமணிக்கே தெரியாது. குறுக்கே நீட்டிய அவர் உள்ளங்கைக்குள் அது முழுசாக இறங்கியது. முருகன் ஹரிஹரனின் தலைமயிரைப் பற்றி முகத்தை மேஜையில் மோதினார். மூக்கு உடைந்து ரத்தம் இரண்டு ஊதல்கள் மேலும் வழிந்தது.

"கோர்ட்ல சொல்லி சித்தனை வெளிய விடச் சொல்றேன்மா," என்றார் முருகன், விலங்கு மாட்டியபடி.

ஆராயி எழுந்து ஹரிஹரன் முன்னால் போய் நின்றாள். "ஏனுங்க, எங்கூட்டுக்காரரு உங்களுக்கு என்னங்க பண்ணுனாரு?"

"ரெண்டு மாசம் இத ஊதிப் பழகினேன்," என்று மூக்கு ரத்தத்தோடு கத்தினார் அவர். "ஊதினதும் மான் தலைதெறிக்க ஓடிடுச்சு. சிரிச்சான். எங்கிட்டக் கூலி வாங்கறவன், என் மூஞ்சிக்கு நேரா வாயப் பொத்திக்கிட்டு நக்கலாச் சிரிச்சான்!"

தேவசிகாமணி கையைத் துண்டால் இறுக்கியபடி மீனாட்சியைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நக்கல் இல்லீங்க," என்றாள் ஆராயி. "அவருக்கு முன்பல்லு ஒண்ணு பாதி ஒடைஞ்சிருந்துச்சு. நொம்ப வெக்கப்படுவாரு. எங்கிட்டச் சிரிக்கறப்பக்கூடக் கையி வாய்க்குப் போயிருமுங்க."