படகுக்குள் இருந்த பித்தளைக் குழாய்

“என் தம்பிதான் சார் கவுத்துட்டான். வீட்டை விட்டே போகச் சொல்லிட்டேன். அவன்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா என் மனசு ஆறிடும்.”

அச்சகக்காரர், தானும் தம்பியும் சேர்ந்து செய்த ரிமோட் படகை மேசைமேல் வைத்தார். அதன் அடிவயிற்றிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டியது. முந்தின நாள் தொட்டியில் மிதக்கவிட்டபோது உள்ளே ஈரமே இல்லை; மூடியை டேப் போட்டு ஒட்டியவர் காலையில் அதைத் திறக்காமலேயே குளத்தில் விட்டார். நடுக்குளத்தில் படகு முங்கிவிட்டது.

துப்பறிபவருக்கு ஊரார் வைத்த பெயர் நிதானம். அவருடைய மச்சினனிடம் அது மருந்துக்கும் கிடையாது.

“இதுல துப்பறிய என்ன இருக்கு மாமா? இந்த வேலை தெரிஞ்சது அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும்தான். ஒருத்தர் இங்கே உட்கார்ந்திருக்காரு!”

நிதானம் டேப்பை உரித்தார். உள்ளே மோட்டார், அதிலிருந்து ஒரு தண்டு, நீண்ட குழல் வழியாகப் பின்பக்கம் போய் விசிறியைச் சுழற்றும். தண்டை உருவிப் பார்த்தார். பிசுக்கே இல்லை.

“கிரீஸை யாரோ துடைச்செடுத்திருக்காங்க. அதான் குழல் வழியா தண்ணி ஏறியிருக்கு. சரி, மோட்டாரையும் தண்டையும் சேர்க்கிற இந்தப் பித்தளைக் குழாய் எப்பவும் இங்கேதான் இருக்குமா?”

அச்சகக்காரர் குனிந்து பார்த்துத் திடுக்கிட்டார். “ஐயையோ, இது ஓட்டுறதுக்கு இல்ல சார்! குழலைப் பசை வச்சு ஒட்டுறப்ப, ரெண்டும் நேர்கோட்டுல நிக்கணும்னு சும்மா மாட்டுறது. காய்ஞ்சதும் நானே கழட்டிட்டேன். தம்பி அப்ப வெளியூர்ல இருந்தான். மறுநாள் வந்து, ஓட்டுறதுக்கான ரப்பர் இணைப்பைப் போட்டான்.”

“வாங்க, உங்க வீட்டுக்குப் போவோம்.”

வீட்டில் தம்பி முகம் கறுத்து நின்றிருந்தான். அண்ணி அவன் சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“உங்க தம்பி கெடுத்திருந்தா ரப்பரையே திரும்ப மாட்டியிருப்பாரு. படகுக்குள்ள பித்தளையை அவர் பார்த்ததே இல்ல,” என்றார் நிதானம். “இதைச் செஞ்சவங்க தண்டை உருவ ரப்பரைக் கழட்டி, பித்தளை கிடந்த கருவித் தட்டுல போட்டிருக்காங்க; ரெண்டும் கலந்துபோயிருக்கு. எதுன்னு தெரியாம, கண்ணுக்குப் பழகினதை மாட்டிட்டாங்க. ஒட்டின அன்னிக்கு உங்க பக்கத்துல யாரு இருந்தாங்க?”

அச்சகக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“என் சம்சாரம்… டார்ச் பிடிச்சா. கிரீஸ் எதுக்குன்னு கேட்டா. தண்ணி ஏறாம இருக்கன்னு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.”

மச்சினன் திறந்த வாயை மூடவில்லை. தம்பி, “அண்ணி, நீங்களா?” என்றான். பெற்ற தாயைப்போல அவளை நம்பியிருந்தவன், அப்படியே நாற்காலியில் சரிந்தான்.

மடித்துக்கொண்டிருந்த சட்டையை அவள் கீழே வைத்தாள்.

“அன்னிக்குத்தான் நீங்க சாயங்காலம் பூரா என்கூட உட்கார்ந்து பேசினீங்க,” என்றாள் கணவனிடம். “கல்யாணம் ஆனதிலேர்ந்து அந்த ஒரு நாள்தான். மறுநாள் தம்பி வந்தாரு, ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிட்டீங்க. அவர் போயிட்டா, திரும்ப என்னைக் கூப்பிடுவீங்கன்னு நினைச்சேன்.”

அச்சகக்காரர் தம்பியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். இருவரில் யாரிடம் முதலில் மன்னிப்புக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.