இடம் காலியாக இருக்கிறது

தினமும் காலையில் காபி குடித்த கையோடு செண்பகவல்லி பள்ளிக்கூடத்துக்குப் போய், அதன் சுவரில் கொஞ்ச நேரம் மூச்சு விட்டுவிட்டு வருவாள். செவ்வாய்க் கோளின் தென்பகுதிக் கல்வி மாவட்டத்துக்கு அவள்தான் கல்வி அலுவலர். கட்டிடத்துக்குத் தீனி போடுவது அலுவலரின் கடமை என்று எந்த அரசாணையிலும் இல்லை. ஆனாலும் வாடிக்கொண்டிருக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளுக்கு மனசு வரவில்லை.

கட்டிடம் என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, அதை யாரும் கட்டவில்லை. விதைத்தார்கள். பாசியையும் காளானையும் ஆய்வகத்தில் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கிய அந்த இனத்துக்கு வளர்மனை என்று பெயர். நாம் வெளிவிடும் மூச்சில் இருக்கிற கரியமில வாயுவைத் தின்னும், பிராணவாயுவைத் திருப்பித் தரும், தின்றதையெல்லாம் சுவராகவும் கூரையாகவும் மாற்றிக்கொள்ளும். பிள்ளைகள் அதிகமானால் வகுப்பறைகளும் அதிகமாகும். பிள்ளைகளே வராவிட்டால் வெயிலில் போட்ட வற்றல் மாதிரி சுருண்டு காய்ந்துவிடும்.

செவ்வாயில்தான் வெளியே எங்கு பார்த்தாலும் கரியமில வாயு ஆயிற்றே, அதைத் தின்றுவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். பூமியில் உட்கார்ந்திருந்த நிதிக்குழு அவ்வளவு ஏமாளி இல்லை. காகிதத்திலேயே பள்ளிக்கூடம் கட்டி முடித்து, திறப்புவிழாப் படமும் அனுப்பிவைத்த புண்ணியவான்களை அது முன்பே பார்த்திருக்கிறது. ஆகவே சிறுபிள்ளைகளின் மூச்சில் உள்ள சூட்டையும் ஈரத்தையும் இன்னும் சில நுட்பமான அடையாளங்களையும் கண்டால்தான் வாய் திறக்கும்படி வளர்மனையைப் பழக்கியிருந்தார்கள். பெரியவர்கள் மூச்சு அதற்கு நொறுக்குத் தீனி. கொஞ்ச நாளைக்கு உயிரைப் பிடித்து வைத்திருக்கும், உடம்பு தேறாது.

இந்த நிதியை வாங்குவதற்காக செண்பகவல்லி வருடக்கணக்கில் பூமிக்கு மனுப் போட்டிருந்தாள். விதையோடு வந்த சத்து, புழுதிக்காலம் முடியும்வரைதான் தாங்கும். அதற்குள் பிள்ளைகள் உள்ளே வராவிட்டால் பள்ளிக்கூடம் செத்துப்போகும். அதற்கப்புறம் இந்த மாவட்டத்துக்கு இன்னொரு விதை கேட்க எந்த அலுவலரும் வாயைத் திறக்க முடியாது. இப்போதே நூலகத்தின் பின்சுவர் உள்வாங்கி, அலமாரிகள் நடுக்கூடத்துக்கு வந்துவிட்டன.

அவளும் செய்யவேண்டியதையெல்லாம் செய்துதான் பார்த்தாள். மாவட்டக் கல்விச் செய்தியில் காலையும் மாலையும் அறிவிப்பு வந்தது. கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் ஒரு சன்னல் தானாக முளைக்கும். அத்தனையும் உண்மை. சேர்க்கை தொடங்கிய அன்று வாசலில் அவளும் வாயிலோனும் மட்டும் நின்றார்கள். வாயிலோன் என்பது காவலுக்கு வைத்த எந்திரம். பொய் சொல்லத் தெரியாது, தேவைக்கு மேல் பேசவும் தெரியாது. சாயங்காலம் வரை நின்றுவிட்டு, யாரும் வரவில்லை என்று அது முறைப்படி அறிக்கை கொடுத்தது, பக்கத்திலேயே நின்றவளிடம்.

அதன் பிறகு அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். மக்கள் குடியிருந்த ஐந்து கண்ணாடிக் குமிழ்களிலும் அவளுக்கு நல்ல மரியாதை. உட்காரச் சொன்னார்கள், அபூர்வமான தண்ணீரைக்கூடத் தாராளமாகக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடப் பேச்சை எடுத்ததும் மட்டும் எல்லோருக்கும் வேறு ஏதோ வேலை வந்துவிட்டது. தண்ணீர்க் கடை வைத்திருந்த சொர்ணப்பாண்டி அண்ணாச்சிதான் மனதில் பட்டதைப் போட்டு உடைத்தார். அவருடைய கடைக்குட்டி மகள் வீட்டிலேயே சும்மா இருந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். இடம் காலியா இருக்குன்னு நீங்களே சொல்லுதீங்க. நல்ல பள்ளிக்கூடத்துல எங்கயாவது இடம் காலியா இருக்குமா?"

நல்ல பள்ளிக்கூடம் என்று அவர் மனதில் வைத்துப் பேசியது இரண்டாம் குமிழில் இருந்த நீலக்கோள் பள்ளியை. பழைய சரக்குக் கப்பலின் வயிற்றைத் தடுத்து வகுப்பறை ஆக்கியிருந்தார்கள். சன்னல் கிடையாது. ஒரு பெஞ்சில் உட்காரவேண்டியதைப்போல் இரண்டு மடங்குப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு நுழைவுத் தேர்வு, அதைப் பெற்றவர்களுக்கு நேர்காணல். அழுத்த உடைக்கு மேலே டை கட்டிவர வேண்டும். அந்த டையின் நுனி காற்றுக்குழாயில் சிக்கி எத்தனையோ பிள்ளைகள் திணறியிருக்கிறார்கள். ஆனாலும் அங்கே இடம் கிடைத்த வீட்டுக்காரர்கள் குமிழுக்கெல்லாம் இனிப்பு கொடுத்துக் கொண்டாடினார்கள்.

நீலக்கோள் பள்ளியைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டே போனபோது செண்பகவல்லி பதில் பேசவில்லை. பேசியிருந்தால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். அவர் அதையும் கேட்டே விட்டார். உங்க பிள்ளை எங்க படிக்குது என்று. அவள் தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்தாள். அவளுடைய மகள் இளவேனில் நீலக்கோளில் இரண்டாம் வகுப்பு.

வழியெல்லாம் அவளுக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து கணவன் செல்லத்துரையிடம் பிள்ளையை மாற்றிவிடலாமா என்று கேட்டாள். அவன் நல்லவன், மனைவியின் வேலை மேல் மரியாதை உள்ளவன். மற்றவர்கள் முதலில் சேர்க்கட்டும், நாம் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம், நம் பள்ளிக்கூடம் எங்கே ஓடிவிடப்போகிறது என்றான். நீலக்கோளில் கிடைத்த இடத்துக்காக அவன் எத்தனை பேர் காலில் விழுந்திருக்கிறான் என்பதையும் நினைவுபடுத்தினான். அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நிம்மதிதான் வந்தது. அதை நினைத்து இன்னும் கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

அந்த வாரம் புழுதிப்புயல் அடித்தது. செவ்வாயில் இது புதிதல்ல. ஆனால் இந்த முறை மாவுபோல் மெல்லிய செம்புழுதி, பள்ளிக்கூடத்தின் காற்றுப்பூட்டுக் கதவில் புகுந்து அதை அப்படியே இறுக்கிவிட்டது. வெளிக்காற்று உள்ளே வராமல் காக்கிற இரட்டைக் கதவு அது. மெக்கானிக் அந்தோணி ஊரெங்கும் சிக்கிய கதவுகளைச் சரிசெய்துகொண்டிருந்தான். மறுநாள் காலையில்தான் வரமுடியும் என்று சொல்லிவிட்டான்.

அன்றைக்குப் பார்த்து சொர்ணப்பாண்டி அண்ணாச்சி பள்ளிக்கூடத்துக்கு வாரத் தண்ணீர் கொண்டுவந்தார். குமிழ்களை இணைக்கிற குழாய்ப்பாதையில் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்து பார்த்தால் கதவு மூடியிருந்தது. கதவைத் திறக்கும்படி வாயிலோனிடம் சொன்னார்.

"இப்போது யாரையும் உள்ளே அனுமதிக்க இயலாது" என்றது வாயிலோன்.

அண்ணாச்சி ஏன் என்று கேட்டார். பாதுகாப்புக் கோளாறுகளை அலுவலருக்கு மட்டுமே சொல்ல வேண்டும் என்பது விதி. எனவே காரணம் சொல்லத் தனக்கு அதிகாரம் இல்லை என்று அது பதில் சொன்னது. எப்போது விடுவாய் என்றதற்கு, தன்னால் சொல்ல இயலாது, அலுவலரைப் பார்க்க வேண்டும் என்றது. ஒரு வார்த்தை பொய் கிடையாது. அண்ணாச்சி பீப்பாயின் மேல் கையை ஊன்றிக்கொண்டு யோசித்தார். நீலக்கோள் பள்ளியின் காவலாளியும் போன வருடம் அவரிடம் இதையேதான், இதே தோரணையில் சொல்லியிருந்தான்.

அவர் பீப்பாயை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். மனைவியிடம் மட்டும்தான் சொன்னார். அவள் தங்கச்சியிடம் மட்டும்தான் சொன்னாள்.

மறுநாள் காலை அந்தோணியைக் கூட்டிக்கொண்டு வந்த செண்பகவல்லி, குழாய்ப்பாதையின் முனையிலேயே நின்றுவிட்டாள். பள்ளிக்கூட வாசலிலிருந்து மூன்றாம் குமிழின் திருப்பம் வரை வரிசை. பாதி இடத்தில் ஆட்கள், மீதி இடத்தில் வெறும் தலைக்கவசங்கள். பாதையில் நடப்பவர்கள் கையில் தலைக்கவசம் இல்லாமல் போகக்கூடாது என்பது கடுமையான சட்டம். ஆனால் இடம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வர வேறு என்ன வழி? அந்தச் சட்டத்தைக் காக்க வேண்டிய பாதுகாப்பு அதிகாரியின் தலைக்கவசமும் ஏழெட்டுப் பேருக்குப் பின்னால் பெயர் எழுதி வைக்கப்பட்டிருந்தது.

அவளைக் கண்டதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் குடியேற்றப் பேரவைத் தலைவரின் சிபாரிசு இருப்பதாகக் காதோடு சொன்னார். ஒரு அம்மாள் டை என்ன நிறம் என்று கேட்டாள். டை கிடையாது என்றதும், அப்படியானால் இது நீலக்கோளையும் விட உயர்ந்த இடம் போலிருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவளிடம் கண்ணைக் காட்டினாள்.

செண்பகவல்லி நேர்மையானவள். ஒரு பீப்பாயின் மேல் ஏறி நின்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். "கதவு சிக்கிக்கிட்டது, அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல. எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் இருக்கு. தயவுசெய்து வீட்டுக்குப் போயிட்டு மத்தியானமா வாங்க."

வரிசையில் ஒரு சிரிப்பு ஓடியது. விவரம் தெரிந்தவர்களின் சிரிப்பு அது. சொர்ணப்பாண்டி அண்ணாச்சிதான் எல்லாருக்கும் முன்னால் நின்றார். "மேடம் அப்படித்தான் சொல்லியாகணும். அவங்க பதவி அப்படி" என்று பின்னால் இருந்தவர்களுக்கு விளக்கினார். அவள் பேசி முடித்து இறங்குவதற்குள் வரிசையில் இன்னும் சில தலைக்கவசங்கள் சேர்ந்திருந்தன.

அந்தோணி கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, தேநீர் குடிக்கிற நேரத்தில் சரியாகிவிடும் என்றான். செண்பகவல்லி வரிசையைப் பார்த்தாள். கதவைத் தாண்டி, உள்ளே காய்ந்துகொண்டிருந்த நூலகச் சுவரை நினைத்துக்கொண்டாள். பிறகு அவன் பக்கம் குனிந்து, அவசரமே இல்லை, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தால் போதும் என்றாள். அந்தோணி ஒரு நிமிடம் அவளை உற்றுப் பார்த்தான். அப்புறம் சிரித்துக்கொண்டே கருவிகளில் பாதியைப் பைக்குள் திருப்பி வைத்தான். அவனும் பிள்ளைகுட்டிக்காரன்.

அன்று ஒரு ஆள் நுழையுமளவு, அதுவும் கொஞ்ச நேரம் மட்டும், கதவு திறந்தது. முதல் பத்துப் பதினைந்து பிள்ளைகள் உள்ளே போனார்கள். உள்ளே போன பிள்ளைகள் என்ன செய்வார்கள்? கத்தினார்கள், ஓடினார்கள், மூச்சு வாங்கினார்கள். வளர்மனைக்கு அதுதானே விருந்து. சுவர்கள் பச்சை பிடித்தன, தரை மெத்தென்று ஆயிற்று. நூலகத்துச் சுவர் வெட்கப்பட்டதைப்போல் மெல்லப் பின்னுக்கு நகர்ந்தது. சாயங்காலத்துக்குள் ஒரு புது வகுப்பறையின் மொட்டு கூரையோரத்தில் தலைகாட்டியது. செண்பகவல்லி சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷ அழுகைதான். அன்றைக்கு அவள் மூச்சு அதற்குத் தேவைப்படவில்லை.

தினமும் கொஞ்சம் பேர், தினமும் ஒரு புது அறை. உள்ளே போன பிள்ளையின் பெற்றோர் இனிப்பு கொடுத்தார்கள். போகாத பிள்ளையின் பெற்றோர் இனிப்பை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு முறைத்தார்கள். வரிசை குறைந்தபாடில்லை. நிதிக்குழுவிலிருந்து பாராட்டு வந்தது. அடுத்த குமிழுக்கு இன்னொரு விதை அனுப்புகிறோம், இதே அருமையான விளம்பர முறையை அங்கேயும் கையாளுங்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த மகிழ்ச்சியோடு அவள் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தபோது செல்லத்துரை பேசினான். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"செண்பகா, விஷயம் தெரியுமா? நீலக்கோள்ல இடம் காலியா இருக்காம். வாசல்லயே எழுதிப் போட்டிருக்கான். தேர்வு கிடையாதாம், யாரு வேணா சேரலாமாம்."

"அப்படியா?"

"எனக்கு ஒண்ணும் சரியாப் படல. நம்ம பிள்ளைய இனிமே அங்க விடணுமா?"

அவளுக்கும் பகீரென்றது. யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய பள்ளிக்கூடத்திலா இத்தனை நாள் பிள்ளையைப் படிக்க வைத்தோம் என்று நினைத்தாள். அதே சொற்களைத்தான் போன மாதம் தன் வாயாலேயே ஐந்து குமிழுக்கும் அறிவித்தோம் என்பது அவளுக்கு அப்போது தோன்றவே இல்லை. பேச்சை முடித்துவிட்டு வேகவேகமாகக் குழாய்ப்பாதையில் நடந்தாள்.

சேர்க்கைக்குக் கையெழுத்துப் போடுகிறவள் அவள். கதவு எவ்வளவு திறக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவள் அவள். நூறு பிள்ளைகள் இன்றே வந்தாலும் நூறு சன்னல் முளைக்கும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? அதெல்லாம் தெரிந்த கால்கள் நேரே வாசலுக்குப் போகவில்லை. வரிசையின் வால் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு போயின. மூன்றாம் குமிழையும் தாண்டியிருந்தது.

கடைசி ஆளுக்குப் பின்னால் தன் தலைக்கவசத்தைக் கவனமாகத் தரையில் வைத்தாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இதோ வந்துவிடுகிறேன், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முன்னால் இருந்தவரைக் கேட்டுக்கொண்டாள்.

அவர் அவளையும் தலைக்கவசத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பரிதாபத்தோடு தலையை ஆட்டினார்.

"பாத்துக்கிடுதேன் மேடம். ஆனா ரொம்ப லேட்டா வந்துட்டீங்களே. கிடைக்கிறது கஷ்டம்தான்."

செண்பகவல்லிக்கும் அப்படித்தான் பட்டது. கவசத்தைக் குனிந்து எடுத்து, யாரும் நடுவில் நுழைந்துவிடாதபடி, அவர் காலோடு ஒட்டி வைத்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டிவர ஓடினாள்.