டிஸ்க்கை மாத்து, வினிதா

போன் அலறியது.

கோவில்பத்து வீட்டில் வினிதா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு ஓடிவந்து எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் கல்யாணசுந்தரி பேசறேன். ரிஃபாய் ஸ்டூடியோவுல ஆல்பம் டிசைன் பண்ற வினிதாதானே?"

"ஆமாங்க மேடம்."

"ரிஃபாய் இறந்துட்டாரும்மா. ஸ்டூடியோ மாடிப்படிக்குக் கீழ மண்டை உடைஞ்சு கெடக்கறார். இன்னைக்குக் காலையில நடந்திருக்கு."

வினிதா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"படிக்கு மேலயும் ஸ்டூடியோ உள்ளேயும் கேமரா இருக்கு. ஆனா அதெல்லாம் ரெக்கார்ட் ஆகற ஹார்ட் டிஸ்க்கைக் காணோம். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரி..."

பின்னாலிருந்து ஒரு கை அவள் பிடரியைப் பற்றியது.

கணவன் முத்துக்குமரன். துறைமுகத்தில் மீன் ஏலம் எடுப்பவன். அவனுடைய இன்னொரு கையில்... அந்த ஹார்ட் டிஸ்க்.

'நம்ம வீட்ல இருக்குன்னு சொல்லு' என்று உதட்டை அசைத்தான். பிடி இறுகியது.

"எங்... எங்கிட்டதாங்க மேடம் இருக்கு. நேத்தே வீட்டுக்கு எடுத்தாந்துட்டேன்."

"ஓ... அப்ப காலையில நடந்தது அதுல இருக்காது. சரி, வீட்லயே இருங்க. வந்து வாங்கிக்கறேன்."

லைன் துண்டானது.

வினிதா மெல்லத் திரும்பினாள். "நீங்களா?"

"தள்ளினேன். விழுந்து சாவான்னு நெனைக்கல."

"எதுக்குங்க?"

"நீ அங்க என்ன பண்றேன்னு தெரியணும். கேமராவுல இருக்கறதைக் காட்டுடான்னு கேட்டேன். முடியாதுன்னு படியில மறிச்சான். அவனைத் தள்ளிட்டு, மேல போயி டிஸ்க்கைக் கழட்டிட்டு வந்துட்டேன்."

அவன் குரல் உடைந்தது.

"இவ்வளவு நேரம் உள் ரூம்ல உக்காந்து அதைத்தான் பாத்தேன் வினி. நீ அவனுக்கு டீ ஊத்தறே. அவன் கம்ப்யூட்டர்ல எதையோ காட்டறான். ரெண்டு பேரும் குனிஞ்சு பாத்துச் சிரிக்கறீங்க. என்கூட இருக்கறப்ப ஒரு நாளாவது நீ அப்படிச் சிரிச்சிருக்கியா?"

ஒருவனைக் கொன்றுவிட்டு வந்தவன், கொலையைச் சொல்லும்போது நடுங்கவில்லை. அந்தச் சிரிப்பைச் சொல்லும்போதுதான் நடுங்கினான்.

"கடல்ல வீசியிருப்பேன். காணோம்னா விடாமத் தேடுவாங்க. நேத்துலேர்ந்து வீட்ல கெடந்த காலி டிஸ்க்குன்னா விட்டுடுவாங்க. எல்லாத்தையும் அழி. போலீஸ்கிட்ட பொய் சொன்னது நீ. நான் உள்ள போனா நீயும்தான் வரணும்."

வினிதா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். டிஸ்க்கைச் சொருகினாள். பிடரியில் அவன் கை அப்படியே இருந்தது.

"சும்மா டெலீட் பண்ணினா திருப்பி எடுத்துடுவாங்களாமே?" என்றான்.

"எடுத்துடுவாங்க. இது எஃப்.ஏ.டி. 32ங்கற பழைய ஃபைல் சிஸ்டம். நாலு ஜி.பி.க்கு மேல ஒரே ஃபைலா இதுல ஏறாது. இதை என்.டி.எஃப்.எஸ்.ஸா மாத்திட்டா டிஸ்க்கே புதுசாயிடும். பழசு எதுவும் மிஞ்சாது."

"நான் எப்படி நம்பறது?"

அவள் பெரிய சினிமா ஃபைல் ஒன்றை அதில் போட்டுக் காட்டினாள். ஏறவில்லை. ஃபைல் மிகப் பெரியது என்று திரை மறுத்தது.

"மாத்தினதும் ஏறும். அப்ப நம்புங்க."

திரையில் கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னலைத் திறந்தாள். ஒரு வரி அடித்தாள்.

"என்ன அது?"

"டிஸ்க் நல்லாருக்கான்னு பாக்கற கட்டளை."

அடுத்த வரி. என்டர்.

வெள்ளை எழுத்துகள் வரிசையாக ஓடின. முத்துக்குமரன் அவள் தோளுக்கு மேல் குனிந்து பார்த்தான்.

மின்விசிறி திடீரென்று தளர்ந்தது. டியூப்லைட் கண் சிமிட்டியது.

"நடுவுல கரண்ட் போனா?"

"டிஸ்க்கே நாசமாப் போயிடும்."

"அது இன்னும் நல்லதாச்சே..." அவன் கை சுவிட்சை நோக்கி நீண்டது.

வினிதா திரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"கெட்டுப்போன டிஸ்க்கைக் குடுத்தா சந்தேகப்படுவாங்க. காலி டிஸ்க்குதானே வேணும்னீங்க?"

கை தயங்கியது... பின்வாங்கியது.

மின்விசிறி மறுபடி வேகம் பிடித்தது. எழுத்துகள் நின்றன.

"முடிஞ்சிடுச்சு."

சினிமா ஃபைலை மறுபடி போட்டாள். இப்போது ஏறியது. டிஸ்க்கைத் திறந்து காட்டினாள். அந்த ஒரு சினிமாவைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

முத்துக்குமரன் மூச்சு விட்டான். பிடரியிலிருந்து கையை எடுத்தான்.

வாசலில் ஜீப் நின்றது.

கல்யாணசுந்தரி ஒரு கான்ஸ்டபிளோடு உள்ளே வந்தார். முத்துக்குமரன் டிஸ்க்கைக் கழற்றிப் பணிவாக நீட்டினான்.

"நேத்தே காலி பண்ணிட்டாங்க மேடம். ஒரு படம்தான் இருக்கு. ரிஃபாய் தங்கமான மனுஷன். இப்படி ஆகியிருக்கக் கூடாது."

வினிதா மெல்ல நகர்ந்து கான்ஸ்டபிளுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"மேடம், அதை இங்கேயே போட்டுப் பாருங்க. ரெக்கார்டிங் ஃபோல்டரை மறைச்சு வெச்சிருக்கேன். இன்னைக்குக் காலையில உள்ளதும் இருக்கு."

முத்துக்குமரன் வாசலுக்குப் பாய்ந்தான். கான்ஸ்டபிள் அவனைக் கதவோடு சேர்த்து அமுக்கினார்.

வினிதா சொல்லச் சொல்ல கல்யாணசுந்தரி ஃபோல்டரைத் திறந்தார். திரையில் ஸ்டூடியோவின் மாடிப்படி. கைகளை விரித்து மறிக்கும் ரிஃபாய். அவர் நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்துத் தள்ளும் முத்துக்குமரன்...

"பழசு மிஞ்சாதுன்னியேடி..."

"ஃபார்மேட் பண்ணினாதான் அழியும். நான் பண்ணினது கன்வெர்ட். ஃபைல் சிஸ்டம் மட்டும்தான் மாறும். உள்ள இருக்கறது அப்படியே இருக்கும். முதல்ல அடிச்ச வரிதான் ஃபோல்டரை மறைச்சுது."

"என்னை மாட்டிவிட்டாவது அவனுக்கு நியாயம் வாங்கணும்... அவ்வளவு ஆசையா அவன் மேல?"

அந்த நிலையிலும் பொறாமை அவனை விடவில்லை.

வினிதாவின் கண்கள் நிரம்பின.

"ரிஃபாய் அண்ணனுக்கு அடுத்த மாசம் நிக்காஹ்ங்க. பொண்ணு பேரு ரிஃபானா. அவங்க நிச்சயதார்த்த ஆல்பத்தைத்தான் அன்னைக்கு டிசைன் பண்ணினோம். ஒரு போட்டோவுல மாப்பிள்ளைத் தொப்பி அவரோட ரெண்டு காதையும் மூடிடுச்சு. 'இதைப் பாத்தா பொண்ணு ஓடிடும்'னாரு. அதுக்குத்தான் சிரிச்சோம்."

முத்துக்குமரன் திரையையே வெறித்தான்.

"எனக்கு எப்படித் தெரியும்... அதுல சத்தமே வரலையே..."

கல்யாணசுந்தரி அவன் கையில் விலங்கை மாட்டினார்.

"கவலைப்படாதே. எங்க லாக்கப் கேமராவுல சத்தமும் பதியும். நிதானமாப் பேசு!"