மச்சான் பிடித்த கயிறு

பிள்ளைகளா, எழுபத்தொன்பதாம் வருஷம், மழை விட்ட ஒரு மத்தியானம். தூத்துக்குடிக் கடற்கரையோரப் பழைய வீட்டில் குடியிருந்த என் தோழி ஆக்னஸையும் அவள் புருஷன் கஸ்பாரையும் பார்க்கப் போனேன். அந்த வீட்டுச் சுவரெல்லாம் உப்புப் பூத்திருக்கும்.

ஆளுக்கொரு வேஷம் எடுத்துப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டில் மூவருக்கும் பித்து. கப்பல்காரர் ஒருவர் கொடுத்துப் போன இங்கிலீஷ் கதைப் புத்தகங்கள் இரண்டு இருந்தன. நடத்துகிறவள் நான். புத்தகத்தில் கட்டம் கட்டி அச்சடித்திருப்பதைத் தமிழாக்கி உரக்க வாசிப்பேன். மற்றவர்கள் புத்தகத்தைப் பார்க்கக் கூடாது.

“கோட்டைக் கதைய எடும்மா. கிணத்துக் கதை வேண்டாம்,” என்றார் கஸ்பார்.

“கிணறுதான் சின்னது. பொழுது சாயுமுன்ன முடிச்சிரலாம்,” என்றேன்.

“நான் தொம்மை,” என்றாள் ஆக்னஸ்.

தொம்மை அவள் அண்ணன். இரண்டு வருஷம் முந்தி கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போய்ச் செத்தவன். குளிக்கிறவன் கயிற்றை மேலே வள்ளத்தில் இருந்து மச்சான்தான் பிடிப்பான் எங்கள் கரையில். கீழிருந்து இரண்டு முறை இழுத்தால் உடனே தூக்க வேண்டும். அந்தக் கையை அவ்வளவு நம்புவார்கள். அன்றும் பிடித்தவர் கஸ்பார். கயிறு அறுந்துவிட்டது என்றார். ஆக்னஸ் நம்பினாள்.

“நான் இறங்குதேன். கயிறு மச்சான் கையில,” என்று சிரித்தாள்.

நான் பக்கத்தைத் திருப்பினேன். “கிணறு வறண்டு கிடக்கிறது. அடியில் சருகு.”

அறையில் சங்குச் சதை அழுகும் வாடை எழுந்தது.

என் வாய் நிற்கவில்லை.

“கீழே இருந்தவன் இரண்டு முறை இழுத்தான். காற்று கிளம்பியது. மேலே இருந்தவன் கத்தியை எடுத்தான்.”

பகடை கஸ்பார் கையிலிருந்து விழுந்தது.

“யாரு சொன்னா ஒனக்கு?” என்று கிசுகிசுத்தார்.

ஆக்னஸ் அவரையே பார்த்தாள். “அறுந்துச்சுன்னுதானே சொன்னீங்க?”

“வள்ளம் கவுந்திரும்னு பயந்துட்டேன், ஆக்னஸ்...”

“இழுத்தானா? அவன் இழுத்தானா?”

கஸ்பார் தலை குனிந்துகொண்டார்.

அவள் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். வறண்ட கிணறு, சருகு. அதற்குமேல் ஒரு வரி இல்லை.

பக்கம் மட்டும் நனைந்திருந்தது.

அன்றைக்கே அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பவேயில்லை. புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது, கயிறு போட்டுக் கட்டி. நேற்று முடிச்சை இறுக்கும்போது கயிறு என் கையில் இரண்டு முறை இழுபட்டது.

நான் விடவில்லை, கண்ணுகளா.