கை நுழையாத சந்து

தகரம் ஆடவில்லை. ராபினுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

மெல்லிய தகரத்தில் டிரில்லிங் மிஷினை வைத்து அழுத்தினால் அது நடுங்கும், பல் கூசுகிற மாதிரி கத்தும், பின்பக்கம் வளைந்து கொடுக்கும். காலையிலிருந்து அடித்த தகரமெல்லாம் அப்படித்தான் அவனைப் படுத்தி எடுத்தன. ஆனால் கொட்டகையின் உள்கோடியில், வெளிச்சம் எட்டாத இடத்தில் நின்ற இந்தக் கடைசித் தகரம் மட்டும் பலகை போல அசையாமல் நின்றது. பின்னால் யாரோ இரண்டு உள்ளங்கையையும் விரித்து, அவன் அழுத்துகிற அளவுக்குச் சரியாக எதிரே அழுத்திப் பிடித்திருப்பதைப் போல, திருகாணி வழுக்கிக்கொண்டு இறங்கியது.

மனைவி டெய்சிதான் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தான். "இன்னும் செத்த மேல பிடி," என்றான்.

தகரத்தின் மறுபக்கம் உள்ளங்கை உரசிக்கொண்டு மேலே ஏறுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. அடுத்த திருகாணியும் இறங்கியது.

"யாருகிட்ட பேசுறீங்க?"

டெய்சி அவன் முதுகுக்குப் பின்னால், கொட்டகை வாசலில், டீ டம்ளரோடு நின்றிருந்தாள்.

அவன் தகரத்தைப் பார்த்தான். அதற்குப் பின்னால் ஆள் நிற்க இடம் கிடையாது. சமையலறைச் சுவருக்கும் பக்கத்து மாடி வீட்டுச் சுவருக்கும் நடுவே கிடந்த ஒடுக்கமான சந்தில்தான் இந்தக் கொட்டகையே. தங்கள் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டார் சொல்லிவிட்டதால், பேகம்பூர் வெல்டிங் பட்டறை ரிஃபாத் பாய் அந்தச் சுவரைத் தொடாமல் இரும்புச் சட்டங்களை நிறுத்திக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சட்டத்தில் தகரம் அடித்ததும், தகரத்துக்கும் அந்தச் சுவருக்கும் இடையே மிஞ்சியது ஒரு பிளவு. ஒரு கையை நுழைத்தால் மணிக்கட்டோடு நின்றுவிடும்.

"நீ வந்து பிடிக்கலையா?"

"எங்க பிடிக்க? அதுக்குள்ள பல்லி போகும், நா போவேனா?" டம்ளரை அவன் கையில் திணித்தாள். "சீக்கிரம் முடிங்க. ஆம்புலன்ஸ் மதுரையத் தாண்டிருச்சாம்."

பக்கவாதம் வந்து படுத்துவிட்ட அவளுடைய அப்பா சகாயராஜை அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கே கொண்டு வருகிறார்கள். கன்னிவாடி வீட்டில் அவரைத் தனியாக விட முடியாது. இங்கேயோ இருப்பது ஒரே ஒரு உபரி அறை, அது முழுக்கச் சாமான்கள். தையல் மிஷின், டிரங்குப் பெட்டிகள், கிறிஸ்துமஸ் குடில் வைக்கிற அட்டைப்பெட்டி, பழைய மெத்தை. எல்லாம் கொட்டகைக்குப் போனால்தான் கட்டில் போட முடியும். அன்று பார்த்துப் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்தியிருந்தார்கள். பொழுது சாயத் தொடங்கியும் வரவில்லை; மிஷின் பேட்டரியில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் போனதும் ராபின் வெளியே வந்து, பிளவின் வாய்க்கு நேரே குனிந்து செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தான். பூசாத செங்கல்லிலிருந்து பிதுங்கிக் காய்ந்த சிமெண்டுக் கட்டிகள். ஒட்டடை. அதற்கப்பால் வெளிச்சம் நின்றுவிட்டது. சுவரில் பட்டு நின்ற மாதிரி இல்லை, துணியில் பட்டு நின்ற மாதிரி இருந்தது. உள்ளேயிருந்து ஈரச் சுண்ணாம்பு வாடை வந்தது, அதோடு கூடவே, பேசாமல் நெடுநேரம் மூடிக் கிடந்த வாயைத் திறந்தால் வருகிற வாடையும் வந்தது. பக்கத்து வீட்டுச் சாக்கடைதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

மறுபடியும் உள்ளே போனான். போகாமல் முடியாது. ஒரு ஓரம் இன்னும் பாக்கி இருந்தது. மிஷினைக் கீழே வைத்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அசதியில் அந்தத் தகரத்தில் முதுகைச் சாய்த்தான். நிழலிலேயே கிடந்த தகரம் சூடாக இருந்தது. வெயில் சூடு இல்லை. மெல்ல அது அவன் முதுகைத் தள்ளியது, பிறகு தளர்ந்தது, மறுபடி தள்ளியது. பஸ் கூட்டத்தில் நமக்குப் பின்னால் நிற்கிறவர் மூச்சு விடும்போது அவருடைய மார்பு நம் முதுகில் ஏறி இறங்குமே, அப்படி.

வெளியே பாய்ந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்த பிறகுதான் நின்றான். ரிஃபாத் பாய்க்குப் போன் போட்டான்.

"பாய், தகரத்துக்குப் பின்னாடி ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

"அதுல எங்க தம்பி வைக்க? கையே போகாதுல்ல. அதனாலதான உள்ள இருந்து அடிக்கச் சொன்னேன்." பட்டறைச் சத்தத்துக்கு மேலே அவர் கத்தினார். "நல்ல வேளை, அன்னைக்கு உங்க வீட்டு ஆளு ஒருத்தர் கூட நின்னாரு. நா கேக்கக் கேக்க ஒவ்வொரு கம்பியா எடுத்து நீட்டுனாரு. இல்லாட்டி தனியாளா முடிஞ்சிருக்காது."

"எங்க வீட்ல அன்னைக்கு யாருமே இல்லியே பாய். எந்தப் பக்கமிருந்து நீட்டுனாங்க?"

அவர் குரல் சட்டென்று இறங்கியது.

"பக்கத்து வீட்டுச் சொவத்துப் பக்கமிருந்து. நா மூஞ்சியப் பாக்கல தம்பி. கைதான் வந்துச்சு."

அப்போதுதான் ராபினுக்குக் கேட்டது. வீட்டுக்குப் பின்னாலிருந்து டிரங்குப் பெட்டி தரையில் இழுபடுகிற சத்தம்.

ஓடினான். சமையலறையைச் சுற்றி வருவதற்குள் டெய்சியின் குரல், சாதாரணமாக, வேலை நடுவே பேசுகிற குரல்.

"பிடிச்சிட்டீங்களா? ஆங், அப்படியே உள்ள இழுங்க."

"டெய்சி! வெளிய வா!"

"மெதுவா... ஏங்க, கைய விடுங்க. பெட்டிய மட்டும் இழுங்க. கைய விடுங்கன்னு சொல்றேன்ல!"

கொட்டகை வாசலை அடைந்தான். நடுவில் பெட்டி கிடந்தது. பக்கத்தில் அவளுடைய ஒற்றைச் செருப்பு. வேறு யாரும் இல்லை. எல்லாத் தகரமும் அடித்த இடத்தில் அப்படியே நின்றன.

"டெய்சி!"

"இங்கதான் இருக்கேன்," என்றாள். தகரத்துக்குப் பின்னாலிருந்து.

மிஷினை எதிர்ப்பக்கம் சுற்றவிட்டுத் திருகாணிகளைக் கழற்றினான். ஒவ்வொன்றாகக் காலடியில் விழுந்தன. கடைசித் திருகாணியும் விழுந்தது. தகரம் விழவில்லை. ஓரத்தில் விரலைக் கொடுத்து இழுத்தான். விரல் கிழிந்தது. மறுபக்கத்தில் உள்ளங்கைகள் நகர்ந்தன. ஒரு ஜோடி இல்லை. மேலும் கீழும், நெடுக.

"யாராச்சும் வாங்க!" என்று கத்தினான். மாடி வீட்டில் ஒரு ஜன்னல்கூட இந்தப் பக்கம் இல்லை.

வெளியே வந்து பிளவின் வாயில் முகத்தை வைத்தான். வெளிச்சத்தை அடித்தான்.

டெய்சி நின்றிருந்தாள்.

பிளவு அகலவில்லை. அவளும் நசுங்கவில்லை. ஒரு கன்னம் செங்கல்லில், ஒரு கன்னம் தகரத்தில். கண் சிமிட்டினாள். அவள் தோளுக்குப் பின்னால் இன்னொரு முகம். அதற்குப் பின்னால் இன்னொன்று. வரிசையாக, எல்லாம் வெளிச்சத்தைப் பார்த்தபடி. பொறுமையாக.

தெருவில் ஆம்புலன்ஸ் ஹாரன் அடித்தது. "சார், ஆள் இல்லீங்களா? ஸ்ட்ரெச்சர் பிடிக்கணும்!"

கையை உள்ளே நீட்டினான். மணிக்கட்டோடு நின்றது. இன்னும் தள்ளினான். தோல் உரிந்தது. அவள் விரல்கள் வந்து அவன் விரல்களைப் பற்றின. ஈரமாக. பலமாக.

"வா... வெளிய வா டெய்சி. அப்பா வந்துட்டாரு."

"பயப்படாதீங்க," என்றாள். அவள் உதடு அசையவில்லை. "இங்க நெறைய எடம் இருக்குங்க."

ஹாரன் மறுபடி அடித்தது. கையை இழுத்தான். வரவில்லை.

டெய்சி உள்பக்கமாக ஓர் அடி தள்ளி நின்றாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர்களும் ஆளுக்கு ஓர் அடி நகர்ந்துகொண்டார்கள்.

அவனுடைய முழங்கை உள்ளே போனது. வலிக்கவே இல்லை.

பிறகு தோள்.